யார் சொன்ன செய்தி?

சுங்கை பஞ்சாங், சபாக் பெர்ணம், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா என்று நீளும் வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் ஒரு செய்தி காதில் விழுந்ததும் முதலில் எழும் கேள்வி "யார் சொன்னது?" என்பதுதான். கோயில் தலைவர் சொன்னாரா, தமிழ்ப்பள்ளி வாத்தியார் சொன்னாரா, கிளினிக்கில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாரா என்று பார்த்த பிறகே அந்தச் செய்திக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று முடிவாகிறது. நகரத்தில் படித்தவர்கள் இதை அறியாமை என்று ஒதுக்குகிறார்கள். தோட்டத்து மக்கள் தேர்தலுக்குத் தேர்தல் ஏமாறுவதற்கு இந்தப் பழக்கமே காரணம் என்றும் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சொல்பவரை வைத்துச் சொல்லை எடைபோடும் இந்தப் பழக்கம் நம் அரசியலுக்கு நன்மையும் செய்திருக்கிறது, கேடும் செய்திருக்கிறது. எப்போது நன்மை, எப்போது கேடு என்பதை நம் வரலாற்றிலிருந்தே பார்க்க முடியும்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன், தமிழ் நேசன் நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர். அன்றைய கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது. கள்ளுக்கடைகளை மூடுவதும், துரைமாரையோ கிராணிமாரையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற கட்டாயத்தை நீக்குவதும் இருந்தன. அவற்றோடு, உறவினரும் நண்பர்களும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும், பேசவும் கூட்டம் போடவும் உரிமை வேண்டும் என்ற கோரிக்கைகளும் இருந்தன. கடைசியில் சொன்னவை செய்திக்கான கோரிக்கைகள் என்று நான் படிக்கிறேன். தோட்டம் அன்று வேலி போட்ட உலகம். வெளியே என்ன கூலி, வெளியே என்ன நடக்கிறது என்பதைத் துரையும் கிராணியும் சொன்னால்தான் உண்டு. தங்களைச் சுரண்டுகிறவர்களின் வாய்வழியாக மட்டும் உலகத்தை அறிந்துகொள்ள அந்த மக்கள் மறுத்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் பின்னால் அவர்கள் திரண்டதில் வியப்பில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில் நாதன் கைதானார், பிறகு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆக, "சொல்பவர் யார் பக்கம் நிற்கிறார்?" என்ற கேள்வி எழுத்தறியாதவர்களின் சோம்பலிலிருந்து பிறந்ததல்ல. அதற்கு ரத்தம் சிந்திய வரலாறு உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு பத்திரிகை தோட்டத்துக்குள் தாராளமாக வந்தது. மளிகைக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் ஒரு பிரதி பல கை மாறும். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அந்த வாசிப்பைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஒரே பத்திரிகையின் எல்லாப் பக்கங்களையும் மக்கள் ஒரே அளவில் நம்பவில்லை. முதல் பக்கத்தில் மாலையும் கழுத்துமாகத் தலைவர் நிற்பார். அவர் அறிவித்த நிலம், வீடு, கல்வி நிதி எல்லாம் அதில் இருக்கும். அதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள், அல்லது வெறுமனே தலையாட்டுவார்கள். உள்ளே மரண அறிவிப்பு, கருமக்கிரியை, நினைவஞ்சலிப் பக்கம் வரும்போது அதே ஆட்கள் வாயை மூடிக்கொண்டு கூர்ந்து கேட்பார்கள். பெயர், வயது, எந்தத் தோட்டம், பிள்ளைகள் யார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற ஒவ்வொரு விவரத்தையும் அப்படியே நம்பிப் பேருந்து ஏறுவார்கள். காரணம் எளிது. மரண அறிவிப்பில் தவறு நேர்ந்தால் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். கொடுத்தவர் யார் என்று கீழே பெயர் இருக்கும். வீடு தேடிப் போய்க் கேட்கலாம். முதல் பக்க அறிவிப்பு பொய்த்துப்போனால் யாரிடம் போய்க் கேட்பது?

நம்பிக்கை என்பதே இந்தக் கேள்விக்குள்தான் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருந்தால் மக்கள் நம்பினார்கள். அவர் எட்டாத இடத்தில் இருந்தபோது அரசியல் சார்பை வைத்து முடிவு செய்தார்கள். நம்முடைய கட்சிக்காரர் என்றால் நம்புவது, எதிரணி என்றால் தள்ளுவது என்ற வழக்கம் இப்படித்தான் வந்தது.

தமிழ்ப் பத்திரிகைகள் இந்த வழக்கத்தை நன்றாகவே தீனி போட்டு வளர்த்தன. மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் ச. சாமிவேலுவின் குடும்பத்தார் கையில் தமிழ் நேசன் இருந்தது. 1980களில் தமிழ் ஓசை, கட்சியின் துணைத்தலைவர் சுப்பிரமணியத்தின் அணிக்கு நெருக்கமாக நின்றது. கட்சிக்குள் நடந்த சண்டை அப்படியே தலைப்புச் செய்திகளில் நடந்தது. ஒருவர் எந்தப் பத்திரிகையை வாங்குகிறார் என்று பார்த்தே அவர் எந்த அணி என்று சொல்லிவிடலாம். ஆதி குமணன் தமிழ் ஓசையிலிருந்து மலேசிய நண்பனுக்கும், பின்னர் மக்கள் ஓசைக்கும் போனபோது வாசகர்களில் ஒரு பெரும் பகுதி அவரோடு சேர்ந்து நகர்ந்தது. அவர்கள் நம்பியது தாளை அல்ல, ஆளை. இதைத் தனிமனித வழிபாடு என்று பழிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு பத்திரிகையும் உள்துறை அமைச்சின் உரிமத்தில் உயிர்வாழ்ந்தது. 2012இல் சட்டம் திருத்தப்படும்வரை ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நிறுவனத்தை நம்ப முடியாத சூழலில் வாசகன் ஒரு மனிதனின் துணிச்சலை நம்பியது நியாயமான முடிவு.

ஆனால் ஆளை நம்புவதன் விலை என்ன என்பதற்கு மைக்கா ஹோல்டிங்ஸைவிடப் பெரிய சாட்சி நமக்கு இல்லை. 1980களின் முற்பகுதியில் இந்தியர்களின் பொருளாதார மீட்சிக்கென ம.இ.கா. தொடங்கிய நிறுவனம் அது. ஏறக்குறைய 66,000 பேர் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சாதாரண மக்கள். தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் நகையை அடகு வைத்தும் பங்கு வாங்கினார்கள். விளக்கக் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடக்கும். கிளைத் தலைவர் பாரம் கொடுப்பார். எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரிந்தவர் காட்டுவார். கணக்கு அறிக்கை என்றால் என்ன, பங்கு விலை இறங்குமா என்று கேட்பது அந்த மண்டபத்தில் துரோகமாகப் பட்டிருக்கும். சொல்கிறவர் நம்மவர், போதும் என்றிருந்தார்கள்.

1990இல் டெலிகோம் பங்குகளில் ஒரு கோடி மைக்காவுக்கு என ஒதுக்கப்பட்டது. மைக்காவுக்கு வந்தது 10 லட்சம் மட்டுமே. மீதி 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. இது 1992இல் வெளியே தெரிந்தது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது, யார்மீதும் குற்றச்சாட்டு வரவில்லை. ஆனால் மக்கள் மனத்தில் வழக்கு மூடப்படவே இல்லை. ஒரு வெள்ளிக்கு வாங்கிய பங்குக்கு 2010இல் 80 சென் கொடுத்து இன்னொரு நிறுவனம் மீட்டுக்கொண்டபோது, கால் நூற்றாண்டுக் காத்திருப்புக்குப் பிறகு முதலே முழுதாகத் திரும்பவில்லை. பங்கு வாங்கிய பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

மைக்காவில் போனது பணம் மட்டும் என்றால் ஒரு தலைமுறையில் ஆறியிருக்கும். ஆனால் கட்சி சொல்வது, கட்சிப் பத்திரிகை எழுதுவது, அரசாங்கம் அறிவிப்பது என எல்லாவற்றின் மீதும் ஒரே சந்தேகம் படிந்தது. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட் இது பற்றி எச்சரித்திருக்கிறார். ஓயாமல் பொய் கேட்கும் மக்கள் அந்தப் பொய்களை நம்பத் தொடங்குவதைவிட, எதையுமே நம்பாதவர்களாகிவிடுவார்கள், அத்தகைய மக்களை எதற்கும் வளைக்கலாம் என்பது அவர் கருத்து. வட சிலாங்கூரில் அதன் முதல் பாதியை, எதையும் நம்பாத நிலையை, நாம் கண்டோம்.

கோலசிலாங்கூரைச் சேர்ந்த ஈஜோக் தொகுதியில் நடந்ததைப் பாருங்கள். 2007 ஏப்ரல் 28இல் அங்கே இடைத்தேர்தல். ம.இ.கா. வேட்பாளர் கி. பார்த்திபன், கெஅடிலான் கட்சியின் காலிட் இப்ராஹிமை 1,850 வாக்கு வேறுபாட்டில் தோற்கடித்தார். தேர்தல் நேரத்தில் தார்ச்சாலை வந்தது, வடிகால் வந்தது. ஓராண்டுகூட ஆகவில்லை. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் அதே ஈஜோக் காலிட் இப்ராஹிமைத் தேர்ந்தெடுத்தது, அவர் சிலாங்கூர் மந்திரி பெசாரும் ஆனார். ம.இ.கா. பற்றி, வாக்குறுதிகள் பற்றி, மைக்கா பற்றித் தோட்டத்து மக்களுக்கு இந்தப் பத்து மாதத்தில் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடவில்லை. எல்லாம் முன்பே தெரிந்ததுதான். பிறகு மாறியது என்ன?

2007 அக்டோபர் 30இல், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் இடிக்கப்பட்டது. அப்போதைய மந்திரி பெசார் முகமது கீர் தோயோவின் சட்டமன்றத் தொகுதி வேறெதுவும் இல்லை, இதே சுங்கை பஞ்சாங்தான். இடிபட்ட கோயிலின் படங்கள் கைக்குக் கை போயின. குறுஞ்செய்திகள் பறந்தன. கோயில்களில் இந்து உரிமைப் போராட்டக் குழுவான இண்ட்ராஃபின் கூட்டங்கள் நடந்தன. நவம்பர் 25இல் நீதிமன்றத் தடை, சாலைத் தடுப்பு எல்லாவற்றையும் மீறிப் பல்லாயிரம் பேர் கோலாலம்பூரில் கூடினார்கள். கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் அவர்களைச் சந்தித்தன. டிசம்பர் 13இல் ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டார்கள். பயங்கரவாதக் கும்பல்களோடு இண்ட்ராஃபுக்குத் தொடர்பு இருப்பதாகப் போலீஸ் தரப்பிலிருந்து வந்த பேச்சை ஒலிபரப்பும் நாளிதழ்களும் திரும்பத் திரும்பச் சொன்னபோது தோட்டத்தில் அது எடுபடவில்லை. ஏனென்றால் அந்த ஊர்வலத்துக்குப் போய் வந்தவர் அடுத்த லயத்தில் இருந்தார். கண் எரிந்து வீங்கிய அண்ணனை நேரில் பார்த்தவரிடம் "பயங்கரவாதி" என்ற சொல் செல்லுபடியாகுமா?

இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய வெற்றி இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். அரசும் அதன் ஊடகமும் ஒரே குரலில் பேசியபோது, தெரிந்தவர் சொன்ன நேரடிச் சாட்சி அதைவிட வலுவாக நின்றது. பிடிக்கப்பட்ட ஐவரில் ஒருவரான எம். மனோகரன் 2008 தேர்தலில் சிறையிலிருந்தபடியே கோத்தா ஆலம் ஷாவில் வென்றார். சுங்கை சிப்புட்டில் சாமிவேலு தோற்றார். மலாய்க்காரர்கள் பெரும்பான்மையாக வாழும் சுங்கை பஞ்சாங்கில் கீர் தோயோ தம் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார், ஆட்சியை இழந்தார்.

இதில் எது முதலில் வந்தது? செய்தி மனத்தை மாற்றியதா, மனம் மாறியதால் செய்தியை நம்பினார்களா? ஊடக ஆய்வுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. ஈஜோக் தரும் பதில் எனக்குத் தெளிவாக இருக்கிறது. மனக்குறை வெகுநாளாக இருந்தது. அதைச் சொல்ல நம்பகமான வாய் இல்லை. வாய் கிடைத்ததும் பழைய செய்திகளே புதிய பொருள் பெற்றன. அந்தப் பொருளில் எல்லாமே துல்லியமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மக்கள் ஓசை 2007 ஆகஸ்டில் இயேசுநாதரை இழிவாகக் காட்டிய படத்தை வெளியிட்டதற்காக ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. கிறிஸ்தவர்கள் உண்மையிலேயே புண்பட்ட விவகாரம் அது. 2008 ஏப்ரலில், எதிர்க்கட்சிச் செய்திகளுக்கு அது தாராளமாக இடம் கொடுத்திருந்த தேர்தல் முடிந்த கையோடு, அதன் உரிமம் முதலில் மறுக்கப்பட்டு, பிறகு வழங்கப்பட்டது. இரண்டும் வேறு வேறு. ஆனால் வாசகர்கள் பலர் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினார்கள். சார்பு ஏறிவிட்டால் நியாயமான நடவடிக்கைக்கும் பழிவாங்கலுக்கும் உள்ள வேறுபாடு தெரிவதில்லை.

இண்ட்ராஃபிலும் குறை இருந்தது. 2007 ஆகஸ்டில் அதன் தலைவர் பொ. வேதமூர்த்தி லண்டனில் பிரிட்டிஷ் அரசுமீது தொடுத்த வழக்கு 4 லட்சம் கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு கேட்டது, தலைக்கு 10 லட்சம் டாலர். அந்த எண் கோயில் வாசலைத் தாண்டி லயத்துக்குள் போனபோது வழக்கு மறைந்து பணம் மட்டும் நின்றது. கையெழுத்துப் போட்டால் ஒரு மில்லியன் வரும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். பணத்துக்காகத்தான் கூட்டம் கூடியது என்று எதிராளிகள் சொன்னது பொய், அநியாயமான பொய். ஆனாலும் நம்பிக்கையோடு கேட்டவர்களுக்கு, இது கோரிக்கை மட்டுமே, கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் விளக்கும் கடமை தலைவர்களுக்கு இருந்தது. அது போதுமான அளவு நடக்கவில்லை. பின்னர் வேதமூர்த்தி 2013 ஏப்ரலில் தேசிய முன்னணியோடு ஒப்பந்தம் போட்டுத் துணையமைச்சரானார், அடுத்த ஆண்டே விலகினார், 2018இல் நம்பிக்கைக் கூட்டணி ஆட்சியில் அமைச்சரானார். ஆளை நம்பியவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் தாங்களும் திரும்ப வேண்டியிருந்தது. திரும்ப முடியாதவர்கள் அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள்.

இந்த நிலையில்தான் புலனம் (வாட்ஸ்அப்) வந்தது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றது. அதற்குள் வாசகர்கள் கைப்பேசிக்குப் போய்விட்டிருந்தார்கள். 2017இல் ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்கெடுப்பில் மலேசியர்களில் 51 விழுக்காட்டினர் செய்திக்காகப் புலனத்தைப் பயன்படுத்துவதாகக் கூறினர்.

தோட்டத்துக் குடும்பக் குழு ஒன்றில் வரும் குரல் பதிவைக் கேட்டுப் பாருங்கள். "அண்ணே, இது ரொம்ப முக்கியம், நம்ம ஆளுங்க எல்லாருக்கும் அனுப்பிடுங்க" என்று தொடங்கும். பேசுபவர் மூச்சு வாங்குவார். பின்னணியில் வண்டிச் சத்தமோ குழந்தை அழுகையோ இருக்கும். "போலீஸ்ல இருக்கிற நம்ம பையன் ஒருத்தன் சொன்னான்" என்பார், பெயர் சொல்லமாட்டார். நம் தமிழ், நம் தோட்டத்து இழுவை, நம் பயம். அனுப்பியவரோ சொந்தச் சித்தப்பா. பழைய அளவுகோலின்படி இதில் எல்லாமே சரியாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. சித்தப்பா அதைப் பேசவில்லை. பேசியவர் யாரென்று சித்தப்பாவுக்கே தெரியாது. பொய் என்று தெரிந்தால் போய்க் கேட்க ஆள் இல்லை. பேசியவரைத் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் அனுப்பியவரைத் தெரிந்திருப்பது வந்து உட்கார்ந்துகொண்டது.

2018 நவம்பர் 26 விடியலில் சீஃபீல்டு மாரியம்மன் ஆலயத்துக்குள் ஒரு கும்பல் நுழைந்தபோது இது எவ்வளவு ஆபத்தானது என்று தெரிந்தது. இனக்கலவரம் என்ற பதற்றம் சில மணி நேரத்தில் சிலாங்கூர் முழுக்கப் பரவியது. ஆலய இடமாற்றம் தொடர்பான நிலத் தகராறு இது, இனப் பிரச்சினை இல்லை என்று அரசும் காவல்துறையும் சொன்னது, பதற்றத்துக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. மறுநாள் கலவரத்தில் படுகாயமடைந்த தீயணைப்பு வீரர் முகமது அடிப் டிசம்பர் 17இல் உயிரிழந்தார். அடையாளம் தெரியாத இருவருக்கு மேற்பட்டவர்களின் குற்றச்செயலால் அந்த மரணம் நேர்ந்தது என 2019 செப்டம்பரில் மரண விசாரணை நீதிமன்றம் கூறியது. ஓர் இளைஞனின் உயிர் போன அந்த விவகாரத்தில், அவரவர் எந்த இனத்தின் புலனக் குழுவில் இருந்தார்களோ அதற்கேற்ற உண்மையை இன்றும் வைத்திருக்கிறார்கள். பழைய சந்தேகம் அரசாங்கத்தின் மீது இருந்தது. புதிய சந்தேகம் பக்கத்து வீட்டார் மீது வந்துவிட்டது. இதைவிடக் கேடு வேறு இல்லை.

சட்டத்தால் இதைச் சரிசெய்ய முயன்றதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டம் 2018 ஏப்ரலில், பொதுத்தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, அவசரமாக வந்தது. ஆட்சி மாறி, 2019 இறுதியில் நீக்கப்பட்டது. எது பொய் என்று ஆளுங்கட்சியே தீர்மானிக்கும் என்றால், மைக்காவைக் கண்ட மக்கள் எப்படி நம்புவார்கள்? ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2019 ஜனவரியில் புலன நிறுவனம் உலகெங்கும் கொண்டுவந்த வரம்பு, இந்தச் சட்டத்தைவிடப் பயன் தந்தது என்பது என் எண்ணம். வேகத்தைக் குறைத்தது, யார் வாயையும் மூடவில்லை.

யார் சொன்னாலும் உண்மையைச் சோதித்துக் காண வேண்டும் என்ற வள்ளுவரின் அறிவுரை தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் மனப்பாடம். அதை எடுத்துக்காட்டித் தோட்டத்து மக்களைக் குறை சொல்வது எளிது. சோதிப்பதற்கு வசதி வேண்டாமா? அரசு அறிவிப்பு மலாயில் வருகிறது, நீதிமன்றத் தீர்ப்பு ஆங்கிலத்தில் கிடக்கிறது, நிலப் பத்திரம் மாவட்ட அலுவலகத்தில் பூட்டியிருக்கிறது. 2024 மே மாதக் கோல குபு பாரு இடைத்தேர்தலில் உலு சிலாங்கூரின் ஐந்து தோட்டங்களின் தொழிலாளர்களுடைய வீட்டுப் பிரச்சினை மேடைப் பேச்சானது. அந்த வீடுகள் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். செம்பனைக் காட்டில் வேலை முடித்து வரும் ஒருவர் எந்த அலுவலகத்தில் போய் எதைச் சரிபார்ப்பார்? நம்பிக்கையான ஒருவரைக் கேட்பதுதான் அவருக்கு உள்ள ஒரே வழி. ஆகவே பழக்கத்தை விடச் சொல்வதில் பயனில்லை. அந்த நம்பிக்கையானவர் பெயரோடும் பொறுப்போடும் நிற்கிறாரா என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சந்தேகிப்பவர் விழிப்பானவர் என்ற எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. நான் இதைக் கடுமையாக மறுக்கிறேன். பத்திரிகை பொய், அரசு பொய், தலைவர் பொய் என்று சொல்லும் அதே வாய், முகமறியாத குரல் பதிவை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்புவதைப் பார்க்கிறோம். வாக்களித்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற விரக்தியும் அங்கிருந்தே வருகிறது. 2023 ஆகஸ்டு 12 சிலாங்கூர்ச் சட்டமன்றத் தேர்தலில் ம.இ.கா. போட்டியிடவே இல்லை. வட சிலாங்கூரின் பல தொகுதிகள் பெரிக்காத்தான் கூட்டணிக்குப் போயின, சுங்கை பஞ்சாங்கும் ஈஜோக்கும் உட்பட. அத்தகைய தொகுதிகளில் தமிழர் வாக்கு சிறியதாக இருக்கலாம். ஆனால் 2013இல் அதே வட்டாரத்தின் சுங்கை பெசார் நாடாளுமன்றத் தொகுதி முடிவானது 399 வாக்கு வேறுபாட்டில்.

தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் இணையச் செய்தித்தளங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் பக்கத்தில் போட்ட அறிவிப்பு நிறைவேறியதா இல்லையா என்பதை ஓராண்டு கழித்து அதே முதல் பக்கத்தில் போடுங்கள். தவறாக எழுதியிருந்தால் திருத்தத்தையும் அங்கேயே போடுங்கள். ஆலய நிர்வாகங்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தங்கள் புலனக் குழுவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கலாம். வருவதைச் சரிபார்த்து, தம் பெயரைப் போட்டு, சரியா தவறா என்று தமிழில் சொல்ல ஒருவர் போதும். வாசகர்களைக் கேட்டுக்கொள்வது இது: பேசியவர் பெயர் தெரியாத குரல் பதிவை, அனுப்பியது அப்பாவாகவே இருந்தாலும், அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். "இதைப் பேசினது யாருப்பா?" என்று அவரிடமே கேளுங்கள். அடுத்த பொதுத்தேர்தல் 2028 பிப்ரவரிக்குள் வந்தாக வேண்டும். கேட்டுப் பழக இன்னும் நேரம் இருக்கிறது.